சேற்று வயலில் உழவு இயந்திரத்தின் கையாளுமை: மல்லாவிப் பகுதியின் சில்லுத் தெரிவு பற்றிய ஓர் ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரதேச செயலாளர் பிரிவில் அடங்கும் மல்லாவியிலும், அதனை அடுத்துள்ள யோகபுரம் முதலிய ஊர்களிலும், பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட வவுனிக்குளத்தின் நீர்ப்பாசனப் பரப்பிலும் நெற்செய்கைக்கு நிலம் பண்படுத்தும் வேலை இன்று பெரும்பாலும் உழவு இயந்திரத்தையே நம்பியிருக்கிறது. அவ்வியந்திரத்தோடு வரும் இறப்பர்ச் சில்லு வீதி, மேட்டுநிலம், வயல் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக அமைக்கப்பட்டதாகையால், மூன்றில் எதற்கும் அது முற்றாகப் பொருந்துவதில்லை. ஆகவே சேற்றுழவுக்கெனப் பின்னர் வாங்கியோ, உள்ளூர்ப் பட்டறையில் செய்வித்தோ பூட்டப்படும் இரும்புச் சில்லுகளிலும் வயல் டயர்களிலும் எதனைத் தெரிவது என்ற வினா கமக்காரர் முன்னும் இயந்திர உரிமையாளர் முன்னும் எழுகிறது. இவ்வினாவை, வன்னிப் பேச்சில் சொல்வதானால், ‘மெசின் தாண்டுபோகுமா, போகாதா’ என்ற ஒரே கோணத்தில் பார்ப்பதே வழக்கமாக இருந்துவந்துள்ளது. ஆனால் சேற்றில் தாழாமல் நகரும் இயந்திரமெல்லாம் ஓட்டுபவரின் கைக்கு அடங்கும் இயந்திரமாக இருப்பதில்லை. மிதப்பைக் கூட்டும் அமைப்பே திரும்புவதைக் கடினமாக்குவதும், பிடிப்பைக் கூட்டும் அமைப்பே வரம்பையும் வயலின் அடிமண்ணையும் குலைப்பதும் உண்டு. கையாளுமை என்று இங்கே குறிக்கப்படுவது இழுப்பு, மிதப்பு, திருப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றே.

எந்தச் சில்லு என்ற கேள்விக்கு முன்னே எந்தப் போகம், எந்த மண் என்ற கேள்வி வந்துவிடுகிறது. வன்னியின் காலபோகம் வடகீழ்ப் பருவமழையை எதிர்பார்த்துச் செய்யப்படுவது. பல வயல்களில் மழைக்கு முன்பாகவோ முதல் மழை ஈரத்திலோ காய்ந்த மண்ணை உழுது விதைக்கும் புழுதி விதைப்பே கைக்கொள்ளப்படுகிறது. அவ்வேலைக்கு இரும்புச் சில்லு தேவையில்லை. பூட்டினால் கேடுதான், ஏனெனில் இறுகிய தரையில் அதன் தகடுகள் மண்ணுள் இறங்காமல் இயந்திரத்தையே தூக்கித் தூக்கிப் போட்டு அச்சையும் பெயாரிங்கையும் ஓட்டுபவரின் முதுகையும் ஒருங்கே பழுதாக்குகின்றன. சிறுபோகத்தில் குளத்து நீரை வயலில் கட்டி மண்ணை ஊறவைத்துச் சேறாக்கி உழும் போதும், காலபோகத்தில் மழை முந்திக்கொண்டு சேற்று விதைப்புக்கு மாற நேரும்போதும் நிலைமை தலைகீழாகிறது. மண்ணும் ஒருபடித்தானதன்று. மேட்டுப் பாங்கான இடங்களில் செம்பழுப்பு மண்ணும், பள்ளப் பாங்கான இடங்களில் நீர் வடியாது நிற்கும் சாம்பல் நிறத்து ஈரமண்ணும் ஒரே வாய்க்காலின் கீழ் அடுத்தடுத்துக் கிடப்பதால், குளக்கட்டுக்கு அருகிலுள்ள வயலில் சரியாக ஓடிய இயந்திரம் கடைசி மடைக்குப் போனதும் அச்சளவு தாழ்ந்துவிடுவது புதுமையன்று.

இப்பகுதியின் இயந்திரங்கள் இருவகைப்படும். இருசில்லு உழவு இயந்திரத்தை எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டதாயினும் ‘லான்ட்மாஸ்டர்’ என்றே மக்கள் அழைக்கின்றனர். ஒரு வணிகப் பெயர் பொதுப்பெயரான இந்நிகழ்வுக்குப் பின்னே இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன இருக்கிறார். 1950களில் அவர் வெப்பவலய நெல்வயலுக்கென வடிவமைத்த நடைஉழவு இயந்திரத்தை லான்ட்மாஸ்டர் என்ற பிரித்தானிய நிறுவனம் உற்பத்தி செய்து பல நாடுகளில் விற்றது. பின்னாளில் அவரே, தாம் இயந்திரமயமாக்கியது வேளாண்மையையா, எருமையை மட்டுமா என்ற ஐயத்துக்கு உள்ளாகி, உழாமல் மண்ணைக் காக்கும் முறைகளின் பக்கம் திரும்பினார் என்பது இத்துறையின் வரலாற்றில் தனியாக எண்ணிப்பார்க்கத்தக்கது. நாலுசில்லு வகையில் 1964இல் அறிமுகமான மெசி பெர்கூசன் 135உம் அதன் வழிவந்த 240உம், அதே மரபில் சென்னையின் டாஃபே நிறுவனம் செய்த இயந்திரங்களும் நெடுங்காலம் முன்னணியில் நின்றன. இவற்றின் பின்சில்லு பெரும்பாலும் 12.4–28 அளவினது, அதாவது டயரின் அகலம் 12.4 அங்குலம், அது ஏறும் றிம்மின் குறுக்களவு 28 அங்குலம். முன்சில்லு 6.00–16 அளவுக்குச் சிறியது. சேற்றில் எழும் சிக்கல்களின் பாதி இவ்விரு அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டிலேயே தொடங்குகிறது.

சில்லைப் பட்டறையில் செய்விக்கும் வழக்கம் மல்லாவியில் வேரூன்றியதற்குப் போர்க்காலமும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது. 1990களில் வன்னிப் பெருநிலப்பரப்பு பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அரிதாயின. மண்ணெண்ணெயில் இயந்திரங்களை ஓட்டவும், கிடைத்த இரும்பைக் கொண்டு இல்லாத பாகத்தைச் செய்யவும் மக்கள் பழகினர். 1996இல் கிளிநொச்சி நகரம் பெயர்ந்தபின் மல்லாவி இடம்பெயர்ந்தோர் நிறைந்த ஊராக மாறியதால் தொழில் தெரிந்தவர்களும் அங்கே வந்து சேர்ந்தனர். போரின் இறுதிக்கட்டமான 2008, 2009ஆம் ஆண்டுகளில் உழவு இயந்திரமும் அதன் பெட்டியும் குடும்பங்களையும் கூரைத் தகரங்களையும் ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கிச் சென்றன. அவற்றுட் பல திரும்பவில்லை. மீள்குடியேற்றத்தின் பின் புதிய இயந்திரங்கள் வந்தாலும், அளவு சொல்லி வெல்டிங் பட்டறையில் இரும்புச் சில்லு அடிப்பிக்கும் பழக்கம் மறையவில்லை. அது ஒருவகையில் நன்மையே: தொழிற்சாலைச் சில்லு எந்த நாட்டு மண்ணுக்கோ செய்யப்பட்டிருக்க, பட்டறைச் சில்லு இந்த வயலைக் கண்டவரின் கையில் உருவாகிறது. ஆனால் கண்டு பழகிய அளவுகளே கைமாறி வருவதால், ஏன் அந்த அளவு என்ற காரணம் விடுபட்டுப்போகிறது.

அக்காரணத்தை அறிய மண்ணின் வலுவைப் பற்றிய ஓர் அடிப்படை விதி உதவும். 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பொறியியலாளர் கூலோம் காட்டியபடி, மண் வெட்டுப்படாமல் தாங்கும் வலு இரண்டு கூறுகளால் ஆனது. ஒன்று மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் ஒட்டுவலு. மற்றது அழுத்தத்தோடு சேர்ந்து வளரும் உராய்வு. மணற்பாங்கான நிலத்தில் உராய்வே முதன்மையானதால் இயந்திரத்தின் மேல் பாரம் கூட்டினால் பிடிப்பும் கூடுகிறது. நீரூறிய களிச்சேற்றிலோ உராய்வு ஏறத்தாழ இல்லாமற் போக, ஒட்டுவலு மட்டுமே எஞ்சுகிறது. அது பாரத்தைப் பொறுத்ததன்று, சில்லு மண்ணைத் தொடும் பரப்பைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, ஒரு சேற்றின் ஒட்டுவலு சதுர மீற்றருக்கு 5,000 நியூட்டன் என்றும், இரு பின்சில்லுகளின் தொடுபரப்பு மொத்தமாக 0.2 சதுர மீற்றர் என்றும் கொண்டால், அவ்வியந்திரம் பெறக்கூடிய இழுப்பு 1,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 100 கிலோ பாரத்துக்குச் சமமானது மட்டுமே. பின்சில்லுக்குள் நீரை நிரப்பிப் பாரமாக்கினால் இந்த இழுப்பு கூடுவதில்லை, சில்லு இன்னும் ஆழத்தில் இறங்குவதுதான் மிச்சம். தொடுபரப்பை இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கிறது. மேட்டு நிலத்தில் உதவிய பாரத்தை அப்படியே சேற்றுக்கும் கொண்டுவரும் பழக்கம் தவறாவதும், அகன்ற இரும்புச் சில்லு பலன் தருவதும் இதனாலேயே.

சில்லு எவ்வளவு தாழும் என்பதைக் கணக்கிட முயன்றவர்களுள் போலந்தில் பிறந்த பெக்கர் தலையாயவர். 1956இல் வெளியான அவருடைய நூல் வீதியற்ற தரையில் வண்டிகள் ஓடுவதை ஒரு தனி இயலாக நிலைநாட்டியது; 1971இல் சந்திரனில் ஓடிய ஊர்தியின் கம்பிவலைச் சில்லுகளின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. ஒரே பாரம் அகன்ற பரப்பில் பரவும்போது அமிழ்வு குறைகிறது என்பது எவரும் அறிந்ததே. ஆனால் அமிழ்ந்த சில்லு தனக்கு முன்னேயுள்ள மண்ணைத் தள்ளிக்கொண்டே போகவேண்டியிருப்பதால், இயந்திரத்தின் வலுவில் ஒரு பங்கு கலப்பைக்குச் செல்லாமல் அங்கேயே கரைகிறது. இதனோடு சில்லு சுழன்றும் முன்னேறாத வழுக்கல் சேர்கிறது. வழுக்கல் நூற்றுக்கு 30 என்றால் 10 மீற்றர் உருளவேண்டிய சில்லு 7 மீற்றரே முன்னேறுகிறது. டீசல் மட்டும் பத்துக்கும் செலவாகிறது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் கலனோடு காத்து நின்ற கமக்காரருக்கு இவ்விகிதம் ஏட்டுக் கணக்காகத் தோன்ற வாய்ப்பில்லை.

இதே சிக்கல் முற்றிலும் வேறொரு தரையில் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதை நோக்கினால் திருப்பத்தைப் பற்றிய விளக்கம் கிடைக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்து வால்கூர் என்ற ஊரில் பொம்பார்டியர் நிறுவனம் 1959இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஸ்கி-டூ’ போன்ற பனிவண்டிகளில் உந்துவது பின்னேயுள்ள இறப்பர்ப் பட்டி. திருப்புவது முன்னேயுள்ள சறுக்குப்பலகைகள். பலகை அகலமானால் பொதிபனியில் மிதக்கிறது. ஆனால் பக்கவாட்டில் வழுக்கி, கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி நேரே போகிறது. அதனால் பலகையின் அடியில் நீளவாக்கில் ஒரு புடைப்பும், அதன் அடிநுனியில் இறுகிய பனியை வெட்டும் உலோகக் கம்பியும் அமைக்கப்படுகின்றன. புடைப்பு ஆழமானால் பிடிப்பு கூடும், கைப்பிடி கனக்கும், பழைய தடத்தில் சிக்கி வண்டி தானாக அங்குமிங்கும் இழுபடவும் செய்யும். வாங்கியபோது வந்த பலகையை மாற்றி வேறு பலகை பூட்டுவோர் அங்கே தேடுவது மிதப்புக்கும் வெட்டுக்கும் இடையிலுள்ள ஒரு புள்ளியையே. வன்னியின் நாலுசில்லு இயந்திரத்தின் முன்சில்லும் சேற்றில் உருளும் சில்லாக இருப்பதைக் காட்டிலும் இழுபடும் சறுக்குப்பலகையாகவே நடந்துகொள்கிறது என்பதை நினைவிற்கொண்டால், இந்த ஒப்புமை தொலைவானதாகத் தோன்றாது.

சேற்றுழவுக்குக் கிடைக்கும் தெரிவுகளுள் முதலாவது முழு இரும்புச் சில்லு. டயரை முற்றாகக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பூட்டப்படும் இது, இரு வளையங்களுக்கிடையே குறுக்குத் தகடுகள் ஒட்டப்பட்ட கூடுபோல அமைந்தது. லான்ட்மாஸ்டருக்கு இதுவே வழக்கமானது. இரண்டாவது, டயரைக் கழற்றாமல் அதன் வெளிப்புறத்தில் பொருத்தப்படும் அரை இரும்புச் சில்லு. டயரைவிடக் குறுக்களவில் சற்றுச் சிறியதாக இருப்பதால், தரை இறுகியிருக்கும்போது டயரே பாரத்தைத் தாங்குகிறது, சேற்றில் டயர் தாழும்போதுதான் இரும்பு வேலைக்கு வருகிறது. நாலுசில்லு இயந்திரத்துக்கு இது பொருத்தமானது. மூன்றாவது, சாதாரண டயரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆழமான பற்களைக் கொண்ட வயல் டயர். சேற்றில் நல்ல பிடிப்புத் தந்தாலும் தார் வீதியில் விரைவாகத் தேய்ந்துவிடுவதால், உழவு முடிந்தபின் பெட்டி பூட்டி நெல்லும் மணலும் ஏற்றும் இயந்திரத்துக்கு இது கட்டுபடியாகாது.

இரும்புச் சில்லின் தரத்தைத் தீர்மானிப்பது அதன் குறுக்குத் தகடுகளே, வாங்குவோர் பெரும்பாலும் பார்க்கும் இரும்பின் கனமன்று. தகடுகள் நெருக்கமாக இருந்தால் இடைவெளியில் களி அடைத்துக்கொண்டு சில்லு ஓர் உருளையாக மாறிவிடும். உருளைக்குப் பிடிப்பு ஏது? தகடுகள் ஐதாக இருந்தால் ஒன்று மண்ணைவிட்டு எழும் முன் அடுத்தது இறங்காமையால் இயந்திரம் குதித்துக் குதித்து ஓடும். மணற்கலப்புள்ள மண்ணுக்கு நெருக்கத்தையும் ஒட்டும் களிக்கு ஐதையும் நாடுவது இதன் வழிவந்த நடைமுறை. தகட்டின் சாய்வு இன்னும் நுட்பமானது. மண்ணுள் இறங்கும்போது தகடு மண்ணைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளி இயந்திரத்துக்கு உந்துதலும் தாங்கலும் தருகிறது. வெளியேறும்போது அதே தகடு ஒரு வாரி மண்ணை மேலே தூக்குமானால் அதன் எதிர்விசை சில்லைக் கீழே இழுக்கிறது. ஆகவே இறங்குகையில் தாங்கி, எழுகையில் மண்ணை உதிர்த்துவிடும் சாய்வே நல்லது. எருமையின் பிளவுபட்ட குளம்பு இதனை இயல்பாகவே செய்கிறது: ஊன்றும்போது விரிந்து பரப்பைக் கூட்டுகிறது, எடுக்கும்போது ஒடுங்கிச் சேற்றின் உறிஞ்சலை விடுவிக்கிறது. விஜேவர்தனவின் ஐயத்துக்கு இதுவும் ஒரு பொருத்தமான அடிக்குறிப்பாகும்.

லான்ட்மாஸ்டரின் திருப்பத்தில் சில்லுத் தெரிவு நேரடியாக ஓட்டுபவரின் கைகளில் உணரப்படுகிறது. அதன் இரு கைப்பிடிகளின் கீழும் உள்ள நெம்புகோல்களுள் இடப்பக்கத்ததை அழுத்தினால் இடச்சில்லுக்குச் செல்லும் வலு அறுந்து, வலச்சில்லு மட்டும் உந்த, இயந்திரம் இடப்புறம் திரும்புகிறது. சேற்றில் நங்கூரம்போல் ஊன்றி நிற்கும் இரும்புச் சில்லோடு இத்திருப்பம் கூர்மையாகவும் திடீரெனவும் நிகழ்வதால், கைப்பிடி பக்கவாட்டில் வீசி ஓட்டுபவரின் விலாவில் இடிப்பதுண்டு. சில்லு மிக அகலமானாலும், இரு சில்லுகளுக்கும் இடைத்தூரம் கூடினாலும், திருப்புவதற்கு வேண்டிய உடல்வலு கூடுகிறது. சிறு வயல்களில் மூலைக்கு மூலை திரும்பவேண்டியிருப்பதால் நாள் முடிவில் இந்த வேறுபாடு சிறிதன்று. டயர் பூட்டிப் பெட்டியோடு வீதிக்கு வந்தபின் இதற்கு நேர்மாறான ஓர் ஆபத்து காத்திருக்கிறது: குளக்கட்டிலிருந்து இறங்கும் சரிவில் பெட்டியின் பாரம் இயந்திரத்தை முன்னே தள்ளும்போது, வலு அறுந்த சில்லே தடையின்றி வேகமாக உருள்வதால், இட நெம்புகோலை அழுத்தினால் இயந்திரம் வலப்புறம் திரும்புகிறது.

நாலுசில்லு இயந்திரத்தில் கவனிக்கப்படாமல் விடப்படுவது முன்புறம். பின்னே இரும்புச் சில்லு பூட்டி இழுப்பைக் கூட்டியவுடன், இயந்திரத்தின் மூக்கை மேலே தூக்கும் விசையும் கூடுகிறது. முன்சில்லு பாரமிழந்து, பக்கவாட்டுப் பிடிப்பற்றுச் சேற்றின் மேல் வழுக்க, திருப்பு வளையத்தைச் சுற்றினாலும் இயந்திரம் கேட்பதில்லை. முன்னே பாரக்கட்டிகள் மாட்டினால் திருப்பம் மீள்கிறது. அளவுக்கு மிஞ்சினால் குறுகிய முன்சில்லு சேற்றை உழுதுகொண்டு அமிழ்கிறது. இங்கே கையாளத்தக்க வழி, பாரத்தைச் சிறிதளவே கூட்டி, முன்னே நடுவில் நீள்வரி புடைத்த டயரைப் பூட்டி, கூர்திருப்பத்துக்கு இடம் வலமாகத் தனித்தனியே உள்ள பின்தடைகளைப் பயன்படுத்துவதாகும். அந்த இரு தடை மிதிகளும் வீதிக்கு ஏறுமுன் ஒன்றாகப் பூட்டப்படவேண்டும். மறந்தால் வேகத்தில் ஒருபக்கம் மட்டும் தடைபட்டு இயந்திரம் புரளும்.

இயந்திரம் தாண்டுபோனபின் செய்யப்படும் ஒரு காரியம் எல்லாவற்றையும்விடக் கொடியது. பின்சில்லுகளுக்கு முன்னே மரக்கட்டையை வைத்தோ, சில்லோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டியோ, வேகம் கொடுத்து வெளியேற முயல்வர். கட்டை தடுத்துச் சில்லு சுழல முடியாது நிற்கும்போது, பொறியின் வலு முழுவதும் இயந்திரத்தின் உடலையே பின்னச்சைச் சுற்றித் தூக்குகிறது. அது மல்லாந்து விழ ஓரிரு விநாடிகள் போதும், குதித்துத் தப்ப நேரமிராது. மறிகாப்புச் சட்டகம் இல்லாத பழைய இயந்திரங்களில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை. பின்நோக்கி எடுப்பதும், அது இயலாதபோது வேறோர் இயந்திரத்தால் தாழ்வான கொளுவியில் பூட்டி இழுப்பிப்பதும் மெதுவானவை, ஆனால் உயிருக்கு ஏற்றவை.

வயலிலிருந்து வயலுக்குப் போகும் வழியும் தெரிவில் சேரவேண்டியது. மாங்குளம்–வெள்ளாங்குளம் வீதியைப் போன்ற தார் வீதியில் இரும்புச் சில்லு ஓடினால் வீதி வரிவரியாகக் கீறப்படுகிறது. தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் மாவட்ட நிர்வாகங்கள் ‘கேஜ் வீல்’ எனப்படும் இரும்புச் சில்லு பூட்டிய டிராக்டர்களைத் தார்ச்சாலையில் ஓட்டத் தடைவிதித்து அறிவித்து வருவது இதனாலேயே. முழு இரும்புச் சில்லுக்காரர் டயரில் ஓடி, இரும்புச் சில்லைப் பெட்டியில் ஏற்றிச் சென்று வயற்கரையில் மாற்றவேண்டும். அரைச் சில்லுக்காரருக்கு அத்தொல்லை குறைவு, ஆனால் அகலம் கூடிய பின்புறம் வரம்பைச் சிதைக்கிறது, வெளியே நீண்ட இரும்பு அச்சின் மேல் வளைவிசையைக் கூட்டுகிறது. இவற்றினும் மெல்ல வெளிப்படுவது அடிமண்ணின் கேடு. நீரைத் தாங்கி வைக்கும் இறுகிய அடிப்படை உழவாழத்துக்குக் கீழே இருப்பதாலேயே வயல் வயலாக இருக்கிறது. ஒரே இடத்தில் சுழலும் ஆழ்தகட்டுச் சில்லு அதனை உடைத்துவிட்டால், அங்கே நீர் நில்லாது, அடுத்த போகத்தில் இயந்திரம் அதே குழியில் மறுபடியும் தாழும்.

சில்லையே கைவிட்ட தீர்வுகளும் உள. பிலிப்பைன்சில் படகுபோன்ற மிதவையில் பொறியை ஏற்றி, முன்னே சுழலும் இரும்புக் கூட்டினால் சேற்றைக் கலக்கிக்கொண்டு தானும் முன்னேறும் மிதவை உழவியும், தென் சீனத்தின் ஆழ்சேற்று வயல்களில் படகு உழவு இயந்திரமும் புழங்கின. இவை பனிவண்டியின் சறுக்குப்பலகைக்கு நேர் உறவினர். ஆனால் வன்னியில் ஆழ்சேறு ஆங்காங்கே சில வயல்களில் மட்டுமே இருப்பதாலும், ஒரே இயந்திரம் புழுதியிலும் வீதியிலும் பெட்டியோடும் உழைக்கவேண்டியிருப்பதாலும், அவை இங்கே எடுபடுவது அரிது.

மல்லாவிப் பகுதியைப் பொறுத்தவரை, நாலுசில்லு இயந்திரத்துக்கு அரை இரும்புச் சில்லும் அளவான முன்பாரமும், லான்ட்மாஸ்டருக்கு மிக அகலமல்லாத முழுச் சில்லும், களி மிகுந்த கடைமடை வயல்களுக்கு ஐதான தகடுகளும் பொருந்துவன என்று கொள்ளலாம். ஆயினும் நடைமுறையில் சில்லைத் தெரிபவர் வயலின் சொந்தக்காரர் அல்லர். ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலிக்கு உழும் இயந்திர உரிமையாளரே. தாழாமலும் விரைவாகவும் அடுத்த வயலுக்குப் போவது அவருடைய நோக்கம். உடைந்த வரம்பும் குழிவிழுந்த அடிமண்ணும் கமக்காரரிடமே தங்கிவிடுகின்றன. போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்தின் நீர் திறக்கும் நாளும் விதைப்பை முடிக்கும் நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. நீர் திறந்து எத்தனை நாளில் இயந்திரம் வயலில் இறங்குகிறது என்பதே சேற்றின் ஆழத்தையும், அதன்வழி எந்தச் சில்லு வேண்டும் என்பதையும் முடிவுசெய்வதால், உழவு இயந்திர உரிமையாளரும் கமக்காரர் அமைப்பும் சில்லைப் பற்றிப் பேசிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.